சொல்லக் கூசும் வருத்தம்

எமது வீட்டுப் பசு இரண்டு நாள் சாணம் போடாமல் வயிறு ஊதி நின்றால் என்ன செய்வோம்? அயலவரைக் கூப்பிட்டுக் காட்டுவோம். என்ன தீன் தின்றது, தண்ணீர் குடித்ததா என்று விசாரிப்போம். மிருக வைத்தியருக்கு ஆள் அனுப்புவோம். அவர் வந்து கையுறை மாட்டிக் கையை உள்ளே விட்டுப் பரிசோதிக்கும்போது நாலு பேர் சுற்றி நின்று பார்ப்போம். அதில் எவருக்கும் வெட்கமில்லை. மாடு பிழைக்க வேண்டும் என்பதே எல்லோருடைய எண்ணமும்.

ஆனால் அதே வீட்டுக்காரருக்கு ஐந்து நாளாக வெளிக்குப் போகவில்லை என்றால் அது வீட்டுக்காரிக்கும் தெரியாது. வீட்டுக்காரிக்கு மாதக் கணக்காக இந்தக் கரைச்சல் இருந்தால் அவர் தன் தாய்க்கும் சொல்வதில்லை. தலையிடி, காய்ச்சல், முழங்கால் உளைவு என்றால் ஊருக்கே சொல்கின்ற நாம், மலச்சிக்கலை மட்டும் மறைத்து வைத்திருக்கின்றோம். மறைத்து வைப்பதால் அது மாறுவதில்லை. சிலவேளை அதற்குப் பின்னால் இருக்கும் பெரிய வருத்தமும் சேர்ந்தே மறைந்துபோகின்றது. எனவே, இம்முறை இந்தக் கூச்சமான விடயத்தைப் பற்றி வெளிப்படையாகப் பேசுவோம்.

எது மலச்சிக்கல்?

ஒவ்வொரு நாளும் காலையில் போகாவிட்டால் அது நோய் என்று பலர் நினைக்கின்றனர். அது சரியல்ல. ஒரு நாளைக்கு மூன்று தடவை போகின்றவர்களும் உண்டு. ஒரு கிழமைக்கு மூன்று தடவை மாத்திரம் போகின்றவர்களும் உண்டு. இலகுவாகவும் மென்மையாகவும் போகுமானால் இரண்டுமே இயல்பானவை.

கிழமைக்கு மூன்று தடவைக்கும் குறைவாகப் போவது, ஆட்டுப் புழுக்கை போல் இறுகிப் போவது, முக்கி முக்கிப் போகவேண்டியிருப்பது, போன பின்பும் முழுவதும் போகவில்லை என்ற உணர்வு இருப்பது ஆகியவையே மலச்சிக்கலின் அடையாளங்கள். பிரயாணத்தின்போதோ காய்ச்சலின்போதோ ஓரிரு நாள் இப்படி இருந்து மாறினால் கவலைப்படத் தேவையில்லை. வாரக் கணக்காக, மாதக் கணக்காக நீடித்தால் அது வைத்தியருக்குக் காட்ட வேண்டிய ஒன்றாகும்.

ஏன் ஏற்படுகின்றது?

நாம் உண்ட உணவு சிறுகுடலில் சமிபாடடைந்த பின், மிகுதி பெருங்குடலுக்கு வருகின்றது. பெருங்குடல் ஏறத்தாழ ஒன்றரை மீற்றர் நீளமானது. அதன் முக்கிய வேலை அந்த மிகுதியிலிருந்து தண்ணீரை உறிஞ்சி எடுப்பது. வயலில் சேற்றை அள்ளி வரம்பிலே வைத்தால் முதல் நாள் மென்மையாக இருக்கும். நாலு நாள் வெயிலில் கிடந்தால் கல்லாகிவிடும். மலமும் அவ்வாறே. குடலில் எவ்வளவு கூடுதலான நேரம் தங்குகின்றதோ அவ்வளவுக்கு அது காய்ந்து இறுகுகின்றது. இறுகினால் போகும்போது நோகும். நோகுமென்ற பயத்தில் அடக்குவோம். அடக்கினால் இன்னும் இறுகும். இந்தச் சுற்றில் அகப்பட்டவர்கள் தாமாக வெளியே வருவது கடினம்.

எமது வாழ்க்கை இந்தச் சுற்றுக்குள் எம்மைத் தள்ளிவிட்டது என்பதையும் சொல்ல வேண்டும். 1995 ஆம் ஆண்டு வலிகாமத்தை விட்டு வெளியேறியவர்களும், 2009 ஆம் ஆண்டு வன்னியிலிருந்து முகாம்களுக்கு வந்தவர்களும் மலசலகூட வரிசைகளை மறந்திருக்க மாட்டார்கள். பகலில் போக வெட்கப்பட்டு இருட்டும்வரை காத்திருந்த பெண்கள் எத்தனை பேர்? அடிக்கடி போக வேண்டி வரும் என்று தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்ட தாய்மார் எத்தனை பேர்? வயல், தோட்டம், முற்றத்து முருங்கை என்பவற்றை விட்டு வந்தபின் நிவாரண அரிசியும் கோதுமை மாவும் பருப்பும் சீனியுமே பலருடைய சாப்பாடாயின. கீரையும் பழமும் காசு கொடுத்து வாங்கும் பொருட்களாயின. ஓடியாடி வேலை செய்த உடம்பு வேலையின்றிக் குந்தியிருந்தது. முகாமை விட்டு வந்த பின்பும் அந்த நாட்களில் பழகிய அடக்கும் பழக்கம் பலரை விட்டுப் போகவில்லை.

சித்த வைத்தியம் அடக்கக் கூடாதவை என்று பதினான்கு வேகங்களைக் கூறுகின்றது. பசி, தாகம், நித்திரை, தும்மல், கண்ணீர் என்று வரும் அந்த வரிசையில் மலமும் ஒன்று. எமது முன்னோர் இதை வெட்கத்துக்குரியதாகக் கருதவில்லை, உடம்பின் இயல்பென்றே கண்டார்கள்.

உணவும் பழக்கமும் மட்டும் காரணமல்ல. கர்ப்பிணிகளுக்கும் இரத்தக் குறைவு உள்ளவர்களுக்கும் கொடுக்கப்படும் இரும்புச் சத்துக் குளிசை, கொடீன், திரமடோல் போன்ற கடுமையான நோவுக் குளிசைகள், தடிமலுக்கும் ஒவ்வாமைக்கும் கொடுக்கும் சில குளிசைகள், மன அழுத்தத்துக்கான சில மருந்துகள் என்பனவும் மலச்சிக்கலை உண்டாக்கும். அதற்காக அவற்றை நாமாக நிறுத்தக் கூடாது. வைத்தியரிடம் சொன்னால் மருந்தை மாற்றவோ அளவைக் குறைக்கவோ அவரால் முடியும். நீரிழிவு, தைரொயிட் சுரப்பி குறைவாக வேலை செய்தல், மனச்சோர்வு ஆகியவையும் இதற்குக் காரணமாகலாம். குண்டுச் சன்னத்தாலோ விழுந்ததாலோ முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டவர்களுக்குக் குடலை இயக்கும் நரம்புகள் பழுதடைந்திருக்கும். அவர்களுக்கு ஒழுங்கான முறையொன்றை வைத்தியரும் தாதியரும் கற்றுக்கொடுக்க வேண்டும். அவர்களைப் பராமரிக்கும் குடும்பத்தினர் இதைக் கேட்டுப் பெற வேண்டும்.

பிள்ளைகளும் பேசுவதில்லை

பெரியவர்கள் பேசாத வீட்டில் பிள்ளைகள் எப்படிப் பேசுவார்கள்? களனிப் பல்கலைக்கழகத்தின் றாகம மருத்துவ பீட ஆய்வாளர்கள் இலங்கைப் பாடசாலைப் பிள்ளைகளிடையே நடத்தி 2012 இல் வெளியிட்ட ஆய்வொன்றில், 10 முதல் 16 வயதுவரையான பிள்ளைகளில் நூற்றுக்குப் பதினைந்து பேரளவில் மலச்சிக்கல் உள்ளவர்கள் என்று கண்டார்கள். யுத்தத்தால் பாதிக்கப்பட்ட பிரதேசங்களில் வாழ்ந்த பிள்ளைகளிடையே அது இன்னும் கூடுதலாக இருந்தது. ஆகவே இது எமது பிள்ளைகளின் பிரச்சினை.

பள்ளிக்கூட மலசலகூடம் அசுத்தமென்று அடக்கும் பிள்ளைகள் உண்டு. மலம் இறுகித் தேங்கிவிட்டால் அதன் ஓரத்தால் தண்ணீராகக் கசிந்து உடுப்பிலே படும். தாய் தகப்பன் அதை அழுக்குப் பழக்கம் என்றோ வயிற்றோட்டம் என்றோ நினைத்து விடுகிறார்கள். அந்தப் பிள்ளையை அடிப்பதும் பரிகசிப்பதும் பெரிய அநியாயம். பிள்ளை வேண்டுமென்று செய்யவில்லை. அதற்குத் தெரியாமலே கசிகின்றது. அடிக்காமல் வைத்தியரிடம் கூட்டிச் செல்லுங்கள்.

வெட்கம் எங்கிருந்து வருகின்றது?

நாம் பலரோடும் பேசிப் பார்த்ததில் நான்கு காரணங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன.

முதலாவது, இது அழுக்கான பேச்சு என்ற எண்ணம். ஆனால் வைத்தியருக்கு மலம் என்பது சளி, சிறுநீர், இரத்தம் போன்ற ஓர் அடையாளமே. டெனிஸ் பேர்கிற் என்பவர் அயர்லாந்தில் பிறந்த புகழ்பெற்ற சத்திர சிகிச்சை நிபுணர்; உகண்டாவில் நெடுங்காலம் பணியாற்றியவர். தவிடு நீக்காத தானியமும் கிழங்கும் அவரையினங்களும் உண்ட ஆபிரிக்கக் கிராமத்தவரின் மலத்தையும், வெள்ளைப் பாண் உண்ட பிரித்தானியரின் மலத்தையும் அவரும் அவருடைய சக ஆய்வாளர்களும் நிறுத்துப் பார்த்து ஒப்பிட்டார்கள். கிராமத்தவரின் மலம் நிறை கூடியது, மென்மையானது, விரைவாக வெளியேறுவது என்று 1972 இல் எழுதினார்கள். நார்ச்சத்தின் பெருமையை உலகம் அறிந்தது இத்தகைய ஆய்வுகளால்தான். இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகர வைத்தியர்கள் 1997 இல் மலத்தை ஏழு வகையாகப் பிரித்துப் படம் ஒன்றையே வெளியிட்டார்கள். இன்று பல நாடுகளிலும் வைத்தியர்கள் அந்தப் படத்தைக் காட்டி, “உங்களுடையது இதில் எது?” என்று கேட்கின்றார்கள். படித்த வைத்தியர்கள் கூசாமல் ஆராய்ந்த விடயத்தைச் சொல்ல நாம் ஏன் கூச வேண்டும்?

இரண்டாவது, பெண்களின் தயக்கம். வைத்தியர் இளம் ஆண் பிள்ளையாக இருப்பார். பின்னால் வரிசையில் ஊர்ச் சனம் நிற்கும். இந்தத் தயக்கம் நியாயமானதே. ஆனால் அதற்கு வழியுண்டு. பெண் வைத்தியரைக் கேட்கலாம். பரிசோதனையின்போது பெண் தாதி ஒருவர் அருகில் நிற்க வேண்டுமென்று கேட்கலாம். திரை இழுத்து விடும்படி கேட்கலாம். இவை நோயாளியின் உரிமைகள். எவரும் இதற்காகக் கோபிக்க முடியாது.

மூன்றாவது, பயம். “போனால் புற்றுநோய் என்று சொல்லிவிடுவார்களோ?” என்ற பயம். மலச்சிக்கல் உள்ளவர்களில் மிகப் பெரும்பாலானோருக்குப் புற்றுநோய் இல்லை. சிலருக்கு இருக்கலாம். பெருங்குடல், மலக்குடல் புற்றுநோய் இலங்கையில் கூடுதலாகக் காணப்படும் புற்றுநோய்களுள் ஒன்றாகும். நேரத்தோடு கண்டுபிடித்தால் சத்திர சிகிச்சையால் குணமாக்கக் கூடியது, பிந்தினால் கடினம். போகாமல் இருப்பதால் நோய் இல்லாமல் போவதில்லை, குணமாகும் வாய்ப்புத்தான் குறைகின்றது.

நான்காவது காரணம் எம்மைப் போன்றவர்களுக்கே உரியது. “பிள்ளையைப் பறிகொடுத்தோம், வீடு வாசல் போயிற்று, இது ஒரு வருத்தமென்று ஆஸ்பத்திரிக்குப் போவதா?” என்று கேட்கின்றார்கள். இந்தக் கேள்வி எம் நெஞ்சைத் தொடுகின்றது. பெரிய இழப்புகளைத் தாங்கியவர்கள் தமது உடம்பின் நோவைச் சிறிதாக எண்ணப் பழகிவிட்டார்கள். ஆனால் காணியைத் துப்புரவாக்கி, கிணற்றை இறைத்து, மறுபடி விதைக்க வேண்டியது இந்த உடம்புதான். இறந்தவர்களுக்கு மரியாதை செய்வதற்காக உயிரோடிருப்பவர்கள் நோவைச் சுமக்க வேண்டியதில்லை.

எப்படிச் சொல்வது?

முதல் வசனம்தான் கடினம். அதைச் சொல்லிவிட்டால் மிகுதியை வைத்தியர் கேட்டுக்கொள்வார். நேரே வைத்தியரிடம் சொல்ல முடியாவிட்டால் எமது பகுதிக் குடும்ப நல உத்தியோகத்தரிடம், அதாவது மருத்துவிச்சியிடம், தொடங்கலாம். இப்படி:

“மிஸ்ஸி, ஒண்டு கேக்கவேணும். கேக்க வெக்கமாக் கிடக்கு.”

“வெக்கப்படாமச் சொல்லுங்கோ அக்கா.”

“ரெண்டு மாதமா ஒழுங்கா வெளிக்குப் போறதில்லை. நாலு நாளைக்கு ஒருக்காத்தான். அதுவும் சரியா முக்கவேண்டிக் கிடக்கு.”

“இரத்தம் போறதோ?”

“ரெண்டு தரம் கண்டனான். மூலமாக்கும் எண்டு விட்டிட்டன்.”

“மூலமோ வேறை ஏதுமோ எண்டு வீட்டிலை இருந்து சொல்லேலாது அக்கா. டொக்டர் பாக்கவேணும். திங்கட்கிழமை வாங்கோ, நான் கூட்டிக்கொண்டு போறன்.”

இவ்வளவுதான். வாயால் சொல்லவே முடியாதென்றால் ஒரு துண்டில் எழுதிக் கொடுங்கள். எழுதத் தெரியாதவர்களுக்குப் படிக்கின்ற பிள்ளை எழுதிக் கொடுக்கலாம். அந்தத் துண்டில் இருக்க வேண்டியவை:

1. எவ்வளவு காலமாக இருக்கின்றது.
2. கிழமைக்கு எத்தனை தடவை போகின்றது, இறுக்கமா, மென்மையா.
3. இரத்தமோ சளியோ போனதா, நோவு உண்டா.
4. மெலிந்து வருகிறீர்களா, சாப்பாட்டில் விருப்பம் குறைந்ததா.
5. இப்பொழுது பாவிக்கும் குளிசைகள், நாட்டு மருந்துகள் எல்லாம்.
6. குடும்பத்தில் எவருக்காவது குடற் புற்றுநோய் இருந்ததா.

வைத்தியர் சிங்களம் பேசுபவராக இருந்தால் தயங்க வேண்டாம். மலச்சிக்கலைச் சிங்களத்தில் ‘மலபத்தய’ என்பார்கள். சொல்லின் முற்பாதி எமது சொல்லே. இரத்தம் போகின்றதென்பதற்கு ‘லே யனவா’ என்று சொன்னால் விளங்கிக்கொள்வார்.

பரிசோதனை எப்படி இருக்கும்?

தெரியாத விடயமே பயத்தைத் தருகின்றது. ஆகவே தெரிந்துகொள்வோம். வைத்தியர் முதலில் கேள்விகள் கேட்பார். பின்பு படுக்க வைத்து வயிற்றை அழுத்திப் பார்ப்பார். தேவையென்று கண்டால் ஆசனவாய் வழியாக விரலால் பரிசோதிப்பார். நோயாளி இடப் பக்கமாகச் சரிந்து, முழங்கால்களை நெஞ்சுப் பக்கம் மடித்துப் படுக்க வேண்டும். வைத்தியர் கையுறை போட்டு, வழுக்கும் களிம்பு பூசி ஒரு விரலால் பார்ப்பார். ஒரு நிமிடமளவில் முடிந்துவிடும். கொஞ்சம் அசௌகரியமாக இருக்கும். மூச்சை மெதுவாக விட்டு உடம்பைத் தளர்த்தினால் இலகுவாக இருக்கும். நோவு கூடினால் நிறுத்தச் சொல்லலாம். இந்த ஒரு நிமிடப் பரிசோதனையில் மூலம், வெடிப்பு, கட்டி, இறுகித் தேங்கிய மலம் என்பன பெரும்பாலும் தெரிந்துவிடும்.

சிலருக்கு இரத்தப் பரிசோதனை செய்வார்கள். சந்தேகம் இருந்தால் பெரிய வைத்தியசாலைக்கு அனுப்பி, கமெரா பொருத்திய மெல்லிய குழாய் மூலம் குடலை உட்புறமாகப் பார்ப்பார்கள். அரசாங்க வைத்தியசாலைகளில் வைத்தியரைப் பார்ப்பதற்குக் கட்டணம் இல்லை. புற்றுநோய் என்று கண்டாலும் தெல்லிப்பழையிலும் மகரகமையிலும் அதற்கான சிகிச்சை உண்டு.

தாமதிக்கக் கூடாத அறிகுறிகள்

கீழ்வருவனவற்றில் ஒன்று இருந்தாலும் வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டிராமல் விரைவாக வைத்தியரிடம் போங்கள்:

மலத்தோடு இரத்தம் போதல், அல்லது மலம் தார் போல் கறுத்துப் போதல்;
காரணமின்றி உடம்பு மெலிதல்;
உடம்பு வெளிறி, களைப்புக் கூடுதல்;
ஒழுங்காகப் போய்வந்த ஒருவருக்கு, முக்கியமாக ஐம்பது வயதை நெருங்கியவருக்கு, போக்கு மாறிச் சில வாரங்களாக அப்படியே இருத்தல்;
வயிற்றிலோ ஆசனவாயிலோ கட்டி தென்படுதல்.

இரும்புச் சத்துக் குளிசை குடிப்பவர்களுக்கும் மலம் கறுப்பாகப் போகும். ஆனால் அதுதான் காரணமா என்பதை வைத்தியர் சொல்லட்டும்.

வயிறு ஊதி, கடுமையாக நொந்து, வாந்தியும் எடுத்து, காற்றும் பிரியாமல் இருந்தால் குடல் அடைபட்டிருக்கலாம். அது அவசர நிலை. விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். பேதி மருந்து கொடுக்கவும் வேண்டாம். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லுங்கள். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

வீட்டில் செய்யக் கூடியவை

ஆபத்தான அறிகுறிகள் இல்லாதவர்களுக்குச் சாப்பாட்டாலும் பழக்கத்தாலும் பெரும் நன்மை கிடைக்கும். வளர்ந்தவர் ஒருவர் நாளொன்றுக்கு 25 கிராம் நார்ச்சத்தாவது உண்ண வேண்டுமென்று உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. அதைக் கடையில் தேட வேண்டியதில்லை. தவிடு போக்காத சிவப்பரிசி, குரக்கன், ஒடியல், பயறு, கௌபி, கடலை, முருங்கையிலை, முளைக்கீரை, பொன்னாங்காணி, வெண்டிக்காய், பூசணி, கொய்யா, பப்பாசி என்பன எமது மண்ணிலே விளைபவை. சொந்தக் காணி இல்லாதவர்களும் கொட்டிலின் ஓரத்தில் ஒரு முருங்கைத் தடியை ஊன்றலாம். குளிக்கும் தண்ணீர் ஓடும் இடத்தில் ஒரு பப்பாசியும் ஒரு பாத்தி கீரையும் வைக்கலாம். நார் உணவை ஒரேயடியாகக் கூட்டினால் வயிறு ஊதும், படிப்படியாகக் கூட்டுங்கள்.

நாருடன் தண்ணீரும் வேண்டும். வெயிலில் வேலை செய்பவர்கள் தாகம் எடுக்கும்வரை காத்திராமல் இடைக்கிடை குடிக்க வேண்டும். சிறுநீரக வருத்தமோ இருதய வருத்தமோ உள்ளவர்கள் வைத்தியர் சொன்ன அளவைத் தாண்டக் கூடாது.

சாப்பாட்டுக்குப் பின் குடல் இயல்பாகவே அசையும். ஆகவே காலை உணவுக்குப் பின் பத்து நிமிடம் அவசரமில்லாமல் மலசலகூடத்துக்கு ஒதுக்குங்கள். குந்தியிருப்பது நல்ல முறை. கதிரை போன்ற கொமட்டில் இருப்பவர்கள் கால்களை ஒரு சிறு பலகையில் உயர்த்தி வைத்தால் இலகுவாகும். உணர்வு வரும்போது அடக்காதீர்கள்.

ஆமணக்கெண்ணெய், நிலாவாரை, கடையில் வாங்கும் பேதிக் குளிசை என்பவற்றை நாமாக வாரந்தோறும் பாவிப்பது நல்லதல்ல. காரணம் மறைந்தே கிடக்கும். கர்ப்பிணிகளும் சிறு பிள்ளைகளும் கேளாமல் பாவிக்கவே கூடாது. தேவையான மருந்தையும் அளவையும் வைத்தியர் சொல்வார். சித்த வைத்தியரிடம் போவதானாலும் பதிவுபெற்ற வைத்தியரிடம் போய், மேலே சொன்ன விடயங்களை அவரிடமும் மறைக்காமல் சொல்லுங்கள்.

ஒன்று செய்வோம்

இந்தப் பக்கத்தை வாசித்து முடித்ததும் வீட்டில் ஒரு கேள்வி கேளுங்கள். கணவன் மனைவியிடமும், மனைவி கணவனிடமும், பிள்ளைகள் வீட்டிலுள்ள அப்பு ஆச்சியிடமும் கேளுங்கள்: “வெளிக்கு ஒழுங்காப் போறதோ?” முதலில் சிரிப்பு வரும். சிரித்த பின் யாராவது ஒருவர் உண்மையைச் சொல்வார். மாதர் சங்கக் கூட்டத்திலும் கமக்காரர் கூட்டத்திலும் இதை ஒரு தடவை பேசுங்கள். குடும்ப நல உத்தியோகத்தரை அழைத்துப் பெண்களுக்குத் தனியாகவும் ஆண்களுக்குத் தனியாகவும் பேசச் சொல்லுங்கள்.

உண்மையைச் சொன்னவரைத் தனியே அனுப்பாதீர்கள். நம்பர் துண்டு எடுக்கும் வரிசையில் ஒருவர் கூட நின்றால், அந்த முதல் வசனத்தைச் சொல்ல அவருக்குத் துணிவு வரும்.